டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு ரப்பர் ஒட்டி வெட்டப் போய் நான் பட்ட பாடு

போன ஐப்பசியில், தீபாவளி ஆர்டர்கள் குவிந்து கிடந்த வாரத்தில், 3,800 ரூபாய் கொடுத்து வாங்கிய, பேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரப்பர் ஷீட்டுகள் இரண்டை என் தையல் மேசை மேல் வைத்து நானே பாழாக்கினேன். ஒரு ராத்திரியில் ஒன்று, மறுநாள் இன்னொன்று. பக்கத்தில் இருந்து "இப்படிச் செய்யாதே" என்று சொல்ல எனக்கு ஆளில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. பிள்ளையை டேபிள் டென்னிஸில் சேர்த்துவிட்டு, முதல் முறையாக மரம் தனி, ரப்பர் தனி என்று வாங்கி வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஆடுகிறவர்கள் அந்த மரப் பகுதியை பிளேடு என்பார்கள். வெட்டுகிற கட்டரிலும் பிளேடு இருப்பதால் குழப்பம் வரும். அதனால் நான் மரம் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறோம். வீட்டிலேயே தைக்கிறேன், 16 வருடம் ஆகிறது. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் 40 வயதில் ஒற்றையர் தங்கம் வாங்கியதை டிவியில் பார்த்துவிட்டு, "நானும் ஆடணும்மா" என்று பிடித்த பிடிவாதம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மஞ்சக்குப்பத்தில் பயிற்சிக்குச் சேர்த்தேன். அன்றிலிருந்து 700 ரூபாய் ரெடிமேட் பேட்டிலேயே ஆடிக்கொண்டிருந்தாள். அதன் ரப்பர் வழவழவென்று ஆகி, பந்து சுழலாமல் வழுக்க ஆரம்பித்தது. "அக்கா, இதுக்கு மேல இந்த பேட் அவளைத்தான் கெடுக்கும். மரம் தனியா, ரப்பர் தனியா வாங்கிடுங்க" என்று பயிற்சியாளர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் வேறு பிள்ளைகளோடு பயிற்சி முகாமுக்கு வெளியூர் போய்விட்டார். மகளுக்குப் பத்து நாளில் போட்டி.

மரம் 2,600. ரப்பர் ஒன்று 1,900, கறுப்பும் சிவப்பும் இரண்டு. பசை 350, ஓரத்தில் சுற்றும் டேப் 80. மொத்தம் 6,830 ரூபாய். போனில் ஆர்டர் சொல்லும்போது கடைக்காரர், "ஒட்டி வெட்டி அனுப்பவா?" என்று கேட்டார். ஒட்டி வெட்டினால் அனுப்ப ஒரு நாள் கூடுதலாகும் என்றார். "வேண்டாம் சார், நாங்களே பாத்துக்கறோம்" என்றேன். என் கையில் கத்தரி இருக்கிறது, 16 வருடமாக வளைவு வெட்டுகிற கை, இதில் என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். இதைப் படிக்கிற உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். மரமும் ரப்பரும் சேர்த்து ஒரே இடத்தில் வாங்கினால் ஒட்டித் தருகிற கடைகள் நிறைய உண்டு. கேட்டால் சரி என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தாமதத்துக்குப் பயந்து நான் வேண்டாம் என்றதுதான் இத்தனைக்கும் காரணம்.

புதன்கிழமை மதியம் கூரியர் வந்தது. ரப்பர் ஷீட்டை அதுவரை நான் கையில் தொட்டதில்லை. ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் சதுரம், மேலே வழவழப்பான ரப்பர், அடியில் நுண்துளைகள் உள்ள ஸ்பாஞ்ச். மரத்தைவிட ஷீட் எல்லாப் பக்கமும் சற்றுப் பெரியது. சுற்றிலும் மிஞ்சுவதை வெட்டியெடுக்க வேண்டும். ஷீட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குக் கம்பெனி பெயரும் ஏதோ எண்ணும் ஒரு சின்ன முத்திரையும் புடைப்பாக இருந்தன. சேலையில் கரை ஓரம் கம்பெனி பெயர் அச்சடித்திருப்பார்கள் இல்லையா, அப்படித்தான் என் கண்ணுக்குப் பட்டது. அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டுத்தானே பிளவுஸ் பிட் வெட்டுவோம். அதே பழக்கத்தில், மரத்தைக் கவிழ்த்து வைத்து ஸ்பாஞ்ச் மேல் பேனாவால் கோடு போட்டேன். எழுத்து இருக்கிற பட்டை கோட்டுக்கு வெளியே போகிற மாதிரி, ஷீட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி வைத்துப் போட்டேன். என் துணிக் கத்தரியை எடுத்து, கோட்டின் மேலேயே, ஒட்டுவதற்கு முன்னாலேயே வெட்டினேன். பட்டையைக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்தச் சத்தம்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஈரத் துணி விழுகிற மாதிரி பொத்தென்று.

அப்புறம் பசை. பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. டப்பாவில் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ காய விடச் சொல்லியிருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து கடல் காற்று வேறு. கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்து நிமிடம் வைத்தேன். பசை இன்னும் வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. நேரம் ஆகிவிட்டதே என்று ஒட்டினேன். ஒட்டும்போதே தெரிந்தது, அளவு சேரவில்லை. பசையின் ஈரத்தை உறிஞ்சி ஸ்பாஞ்ச் உப்பி, ஷீட் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. ஒரு பக்கம் மரத்தைத் தாண்டி நின்றது, மறுபக்கம் மரம் தெரிந்தது. தெரிகிற பக்கம் நோக்கி இழுத்து இழுத்து ஒட்டினேன். காலையில் எழுந்து பார்த்தால் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கொப்புளம். வலது ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மரம் வெளியே தெரிகிறது.

பயிற்சியாளருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். ஓரத்தைப் பற்றித்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அக்கா, கறுப்பு ரப்பர்ல கீழே எழுத்து இருந்திருக்குமே, அது எங்கே?" வெட்டிப் போட்டுவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் விளக்கினார். சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் அங்கீகரித்த ரப்பருக்கு ஒரு பட்டியல் உண்டு. அந்த ரப்பர்தான் இது என்பதற்கு ஷீட்டில் இருக்கும் பெயர், எண், முத்திரை இவைதான் அடையாளம். ஒட்டும்போது அந்த எழுத்து கைப்பிடிக்கு மேலே, பேட்டின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வர வேண்டும். நடுவர் பேட்டை வாங்கிப் பார்ப்பதே அதற்குத்தான். எழுத்து இல்லாத ரப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போட்டியில் ஆட விடமாட்டார்கள். நான் கரை என்று நினைத்து வெட்டி எறிந்தது அந்த ரப்பரின் பிறப்புச் சான்றிதழை. குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன். எடுத்து என்ன செய்ய? ஒட்டுப்போட முடியாது.

சரி, கறுப்பை எடுத்துவிட்டுச் சிவப்பையாவது ஒழுங்காக ஒட்டுவோம் என்று நினைத்தேன். இரண்டாவது தவறு இங்கே. மேல் விளிம்பில் ஒரு மூலையைப் பிடித்து, காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரியை உரிக்கிற மாதிரி சரக்கென்று குறுக்கே இழுத்தேன். ரப்பரோடு மரத்தின் மேல் தோலும் கிழிந்து வந்தது. அரை விரல் நீளத்துக்கு மூன்று நார்கள். புது மரம், 2,600 ரூபாய், ஒரு பந்துகூட அதில் இன்னும் படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தைக்க வந்திருந்த பெண் என்னவோ கேட்டாள், என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அன்று சாயங்காலம் சிவப்பை மரத்தின் மறுபக்கத்தில் ஒட்டினேன். இந்த முறை எழுத்தைக் கைப்பிடிப் பக்கம் வைத்தேன். முன்கூட்டி வெட்டவில்லை, முழு ஷீட்டாகவே ஒட்டினேன். பசையும் முன்னைவிட நன்றாகக் காய்ந்திருந்தது. ஆனால் கொப்புளம் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில், ஒரு கையால் ஷீட்டை மேல் நோக்கி இறுக்கி இழுத்துக்கொண்டு, பூரிக்கட்டையால் சப்பாத்தி தேய்க்கிற மாதிரி அழுத்தி அழுத்தி உருட்டினேன். உடனே கத்தரி எடுத்து வெட்டினேன். ஸ்பாஞ்ச் நசுங்கிக் கத்தரி வாயில் ஒட்டியது. அதனால் நுனியால் கொத்திக் கொத்தி வெட்ட வேண்டியிருந்தது. ஓரம் ரம்பம் மாதிரி வந்தது. ஆனாலும் அளவு சரியாக இருந்தது, மரத்தின் விளிம்போடு விளிம்பு. மனசு கொஞ்சம் ஆறியது. வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், மேல் பக்கம் முழுக்க இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. ராத்திரி யாரோ வந்து சுரண்டியெடுத்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன், "இவ்ளோதானே, சைக்கிள் கடையில பஞ்சர் சொல்யூஷன் வாங்கி ஓரத்துல தடவி இழுத்து ஒட்டிடுங்க, ஜென்மத்துக்கும் வராது" என்றார். அந்த ட்யூபைக் கையில் வாங்கியும்விட்டேன். நல்ல வேளையாகத் திறக்கவில்லை. அந்த மாதிரி ஆவியாகும் திரவம் கலந்த பசைகளை 2008-லேயே இந்த விளையாட்டில் தடை செய்துவிட்டார்கள். முன்னெல்லாம் வேகத்துக்காக அப்படிப்பட்ட பசையைத்தான் தடவுவார்களாம். உடம்புக்குக் கெடுதல் என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது தண்ணீர் கலந்த பசைதான். யார் என்ன சொன்னாலும் பஞ்சர் சொல்யூஷன், செருப்புக்கு ஒட்டுகிற பசை இவையெல்லாம் வேண்டாம். விதிக்கு ஒவ்வாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அடுத்த முறை ரப்பரைக் கழற்றும்போது மரமே வந்துவிடும்.

அன்று ராத்திரி மகள் தூங்கின பிறகு அழுதேன். ஒரு லைனிங் பிளவுஸுக்கு 250 ரூபாய் வாங்குகிறேன். 3,800 என்றால் 15 பிளவுஸ், என் கைக்கு நான்கு நாள் உழைப்பு. பணத்தைவிட, தெரிந்த வேலை என்று நினைத்து இறங்கித் தோற்றது ரொம்ப வலித்தது. மகள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பழைய பேட்லயே ஆடிக்கிறேம்மா, அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அது நல்லா இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுபடி அதே கடைக்கு போன் செய்து, அதே இரண்டு ரப்பர்களையும் வாங்கினேன். மரம் என்னிடம் இருந்ததால் இந்த முறை அவர்கள் ஒட்டித் தர வழியில்லை. பயிற்சியாளர் புதுச்சேரியில் தனக்குத் தெரிந்த ஒரு பெரியவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முத்தியால்பேட்டைக்காரர். சின்ன வயதிலிருந்து ஆடுகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டும்வரை மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தபடியே வந்தேன். பெரியவர் பேட்டை வாங்கி, சிவப்பு ரப்பரின் ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவினார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று கேட்டார். தையல் என்றேன். "பனியன் துணியை இழுத்துப் பிடிச்சு வெட்டுவீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பனியன் துணியை இழுத்து வைத்து வெட்டினால், கையை எடுத்ததும் அது சுருங்கிக்கொள்ளும், அளவு சின்னதாகிவிடும். தையல் பழக வருகிற பெண்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ரப்பரும் அதேதான். ஒட்டும்போது இழுத்தால் அது இழுபட்ட நிலையிலேயே மரத்தில் உட்காரும். ஓரத்தை வெட்டியதும் பிடித்து வைக்க ஒன்றும் இல்லாமல் மெல்லத் தன் பழைய அளவுக்குத் திரும்பும். வெட்டினது சரியாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது அதற்கு முன்னாலேயே, ஒட்டும்போது. நான் இரண்டு நாளும் கத்தரியையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் அவர் அந்தச் சிவப்பை எப்படிக் கழற்றினார் என்று சொல்கிறேன். கைப்பிடிப் பக்க மூலையில் ஆரம்பித்தார். மேல் நோக்கித் தூக்கவில்லை. மரத்தோடு படிய, தாழ்வாக, மரத்தின் நார் ஓடுகிற திசையிலேயே மெதுவாக உரித்துக்கொண்டு போனார். ஒரு பக்கம் உரிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆனது. மரத்தில் மிச்சமிருந்த பசையை விரல் நுனியால் தேய்த்தார். அது பாலாடை மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது, ஒரு நார்கூட எழும்பவில்லை. நான் கிழித்திருந்த பக்கத்தில், தூக்கி நின்ற நார்களுக்கு அடியில் குச்சி நுனியால் துளி ஃபெவிகால் வைத்துப் படியவைத்து, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தார். புது மரம் வாங்கினால், ரப்பர் ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் வார்னிஷ் ஒரே ஒரு மெல்லிய பூச்சு பூசி ஒரு நாள் காய விட வேண்டுமாம். அப்படிச் செய்தால் கழற்றும்போது நார் வராது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

கறுப்பு ரப்பரை அவர் ஒட்டினார், சிவப்பை என்னை ஒட்ட வைத்தார். ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்டைத் துணி காயப்போடுகிற கிளிப்பில் மாட்டிக்கொண்டு, பசையை மரத்தில் ஒரு முறை, ரப்பரின் ஸ்பாஞ்ச் மேல் ஒரு முறை, தோசைக்கு எண்ணெய் தடவுகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவினார். ஸ்பாஞ்ச் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் முதல் பூச்சு காய்ந்ததும் அதன் மேல் மட்டும் இன்னொரு பூச்சு. கட்டி கட்டியாகத் தடவக் கூடாது என்பதற்கு ஒரு காரணம், மேடு பள்ளம் வரும். இன்னொரு காரணம் விதி. ஸ்பாஞ்சும் மேல் ரப்பரும் பசையும் எல்லாம் சேர்த்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள் என்றார். வெள்ளை முழுக்கப் போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்தால்தான் காய்ந்ததாக அர்த்தம். அன்று புதுச்சேரியிலும் தூறல்தான். 40 நிமிடம் ஆனது. எங்கேயாவது ஒரு இடத்தில் வெள்ளைத் திட்டு இருந்தாலும் ஒட்ட விடவில்லை. உப்பி வளைந்திருந்த ஷீட், காயக் காயத் தானாகப் படிந்ததையும் கண்ணால் பார்த்தேன். நான் முன்கூட்டி வெட்டியது ஏன் பொருந்தவில்லை என்பதற்கும் அங்கே பதில் கிடைத்தது.

ஒட்டும்போது அவர் பார்த்தது ஒரே ஒரு கோடுதான். ஷீட்டின் எழுத்துப் பக்க விளிம்பு நேராக இருக்கிறது அல்லவா, அதைக் கைப்பிடிக்குச் சற்று மேலே, குறுக்காக, கோணல் இல்லாமல் வைத்தார். கைப்பிடிக்கும் ரப்பருக்கும் நடுவில் விரல் பிடிக்கிற இடத்தில் மரம் கொஞ்சம் தெரியலாம், விதியே அதை அனுமதிக்கிறது. மற்ற இடங்களில் ரப்பர் மரத்தின் விளிம்பு வரை வர வேண்டும், தாண்டவும் கூடாது. அந்த அடிக்கோடு மட்டும் படிந்ததும் மற்ற பகுதியைத் தூக்கியே பிடித்துக்கொண்டு, பூரிக்கட்டையைக் கீழிருந்து மேலாக உருட்டினார். தன் பாரத்தில் கட்டை உருண்டது, அவ்வளவுதான் அழுத்தம். ஷீட் தானாக மரத்தின் மேல் சாய்ந்து படுத்தது. தூக்கிப் பிடித்திருந்த கை அதை இழுக்கவே இல்லை, ஏந்திக்கொண்டிருந்தது. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்காவிட்டால் எனக்குப் புரிந்திருக்காது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும் அவர் எடுக்கவில்லை. கை படாமல் இருக்க அது இருக்கட்டும் என்றார். பிறகு பேட்டைத் தரையில் கவிழ்த்து, மேலே நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி ஒரு மணி நேரம் விட்டார். அதற்குள் அவர் வீட்டம்மா எங்களுக்கு இட்லி கொடுத்தார்கள்.

இனி வெட்டு. கத்தரியை நான் பையிலிருந்து எடுத்ததும், "அதை உள்ளே வைங்கம்மா, துணிக்கு வேணும்" என்றார். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற கட்டர் போதும், ஆனால் பெரிய சைஸ். வெட்டுவதற்கு முன் அதன் நுனியில் ஒரு துண்டை ஒடித்துப் புது முனை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ரப்பருக்கும் புது முனை, இதில் கஞ்சத்தனம் கூடாது. தரையில் தடித்த அட்டை. பேட்டை ரப்பர் கீழே, மரம் மேலே இருக்கிற மாதிரி கவிழ்த்து, இடது உள்ளங்கையை விரித்து மரத்தின் நடுவில் அழுத்திக்கொண்டார். விரல்கள் எல்லாம் விளிம்புக்கு உள்ளே. கட்டரின் தட்டைப் பக்கம் மரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், மரமே நமக்கு ஸ்கேல். கைப்பிடி ஓரத்தில் ஆரம்பித்து, நிறுத்தாமல் ஒரே இழுப்பாக மேல் உச்சி வரை. பேட்டைத் திருப்பி, மறுபக்கம் கைப்பிடி ஓரத்திலிருந்து உச்சி வரை இன்னொரு இழுப்பு. முதல் சுற்றில் ஸ்பாஞ்ச் மட்டும்தான் வெட்டுப்பட்டது, வெல்லப்பாகில் கத்தி இறங்குகிற மாதிரி சத்தமே இல்லை. இரண்டாவது சுற்றில் அதே தடத்தில் போனபோது மேல் ரப்பர் 'சிர்ர்' என்று பிரிந்தது. வெட்டுத் துண்டு ஒரே வளையமாக, பிறை நிலா மாதிரி கையில் வந்தது.

கட்டரைப் பிடிக்கிற கோணம் முக்கியம். நேராக நிற்க வேண்டும். சாய்ந்தே ஆக வேண்டும் என்றால் அதன் நுனி வெளிப்பக்கம் போகலாம், மரத்துக்கு அடியில் உள்பக்கம் போகவே கூடாது. வெளியே போனால் ரப்பர் ஒரு நூல் அகலம் மிஞ்சும், அதைப் பிறகு சீவிக்கொள்ளலாம். உள்ளே போனால் ரப்பர் குறைந்துவிடும், குறைந்ததை வளர்க்க முடியாது. தையலில் நாம் கூடுதலாக விட்டு வெட்டுவதும் இதே காரணத்துக்குத்தானே.

சிவப்பை நான் வெட்டினேன். முதல் இழுப்பில் கை நடுங்கியது, பாதியில் நின்றுவிட்டேன். நின்ற இடத்தில் ஒரு சின்னப் பல் விழுந்தது, இன்றும் அந்த பேட்டில் இருக்கிறது. "நின்ன இடத்திலேர்ந்தே தொடருங்க, திரும்ப முதல்லேர்ந்து வராதீங்க" என்றார். இரண்டாவது பாதி அழகாக வந்தது. மகள் கை தட்டினாள்.

கத்தரியால் வெட்டவே கூடாது என்று இல்லை. பல ஆட்டக்காரர்கள் கத்தரியால்தான் வெட்டுகிறார்கள். நீளமான, கூர்மையான, இதற்கென்றே வைத்திருக்கிற கத்தரி வேண்டும். மரம் உங்களைப் பார்த்திருக்க, கத்தரியின் ஒரு அலகு மரத்தின் விளிம்பிலேயே சாய்ந்திருக்க, வாயை முழுக்க மூடாமல் நீள நீளமாக வெட்ட வேண்டும். கையைத் திருப்பாமல் பேட்டைத்தான் திருப்ப வேண்டும். கைக்குழி வெட்டும்போது துணியைத் திருப்புவோமே, அதே மாதிரி. ஆனால் துணிக் கத்தரியைத் தயவுசெய்து தொடாதீர்கள். என் கத்தரியில் பசை படிந்து, ஜார்ஜெட்டை வெட்டாமல் மென்று தின்ன ஆரம்பித்தது. லாரன்ஸ் ரோட்டில் சாணை பிடிக்க 60 ரூபாய் கொடுத்தேன்.

ஓர டேப்பை வீட்டுக்கு வந்து நானே சுற்றினேன். கைப்பிடியின் ஒரு பக்கத்தில் ஆரம்பித்து மறுபக்கத்தில் முடிக்க வேண்டும், மரத்தின் கனம் டேப்பின் நடுவில் வர வேண்டும், அவ்வளவுதான். கரை மடிக்கிற கைக்கு அது சுலபம். மேசையில் பேட் இடிபட்டால் மரம் சிதறாமல் இருக்கவும், ரப்பர் ஓரம் தூக்காமல் இருக்கவும் அது உதவுகிறது. எழுத்து இல்லாத கறுப்பையும், இரண்டு மில்லிமீட்டர் குறைந்த அந்தச் சிவப்பையும் பழைய ரெடிமேட் பேட்டில் ஒட்டிக் கொடுத்தேன். வீட்டுச் சுவரில் பந்தடிக்க அதைத்தான் எடுக்கிறாள். ஆக 3,800-ம் முழுசாகத் தண்ணீரில் போகவில்லை. ஆனாலும் அந்த மாதம் மகளின் ஷூ தள்ளிப்போனது.

இன்னொன்று, நிறம். கறுப்பும் சிவப்பும்தான் வாங்க வேண்டுமா என்று கடையில் கேட்டிருந்தேன். ஒரு பக்கம் கட்டாயம் கறுப்பு. மறுபக்கம் முன்பு சிவப்பு மட்டும்தான் இருந்தது. 2021-லிருந்து பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஊதா போன்ற நிறங்களும் வந்துவிட்டன. பிள்ளை ஆசைப்பட்டால் வாங்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நிறம் எடுத்துவிடாதீர்கள்.

போட்டியன்று நடுவர் ஒவ்வொரு பிள்ளையின் பேட்டையும் வாங்கிப் பார்த்தார். என் மகளுடையதை வாங்கி, கைப்பிடிக்கு மேலே இருந்த எழுத்தைப் பார்த்தார். திருப்பினார், மறுபக்க எழுத்தையும் பார்த்தார். கட்டைவிரலை ஓரத்தில் ஒரு சுற்று ஓட்டினார். அந்தச் சின்னப் பல் இருக்கிற இடத்தில் விரல் போனபோது எனக்கு மூச்சு நின்றது. நிற்காமல் தாண்டிப் போய், பேட்டை அவளிடம் கொடுத்துவிட்டார். இரண்டாவது சுற்றில் அவளைவிடப் பெரிய பெண்ணிடம் தோற்றாள். தோற்று வந்து, "பந்து சுத்துதும்மா, நல்லா சுத்துது" என்றுதான் முதலில் சொன்னாள்.

மதியம் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, விருத்தாசலத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எங்கள் பேட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பையனுக்குப் புது ரப்பர் வாங்கி இரண்டு வாரமாகிறதாம், வெட்டப் பயந்து பீரோவில் வைத்திருக்கிறார்களாம். "எங்கே குடுத்து வெட்டினீங்க?" என்றார்கள். நானேதான் என்றேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். "வீட்டுக்குப் போனதும் ஷீட்டை எடுத்து, எழுத்து எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. அந்தப் பக்கத்தை மட்டும் தொடாதீங்க. மத்ததுக்கு எனக்கு போன் பண்ணுங்க" என்று நம்பர் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. காலை பத்து மணிக்கு வீடியோ காலில் வந்தார்கள், கையில் புது கட்டர், தரையில் தடித்த அட்டை.